ஆலப்புழா போட் ஹவுஸ் பயணம்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆலப்புழா போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் பலரும் முதலில் செய்வது, போனில் படம் பார்த்து ஒரு போட் ஹவுஸுக்கு முன்பணம் அனுப்புவது. தேதி சரிப்படுமா, ரயில் கிடைக்குமா, பாட்டியின் முழங்கால் தாங்குமா என்பதெல்லாம் அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுத்ததில் நான் பார்த்தது இது: காசு விரயம், மனஸ்தாபம், சில சமயம் ஆபத்து, எல்லாமே வேலையை வரிசை மாற்றிச் செய்ததால் வந்தவை. போட்டைப் பிடிப்பது ஆறாவது வேலை. அதற்கு முன் ஐந்து இருக்கின்றன.

1. போட் எத்தனை மணி நேரம் ஓடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரவு தங்கும் போட் ஹவுஸில் நண்பகல் 12 மணி வாக்கில் ஏற்றுவார்கள். மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். கணக்குக்கு 21 மணி நேரம். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கரையில் கட்டுவார்கள். மாலை 5.30 மணிக்குப் போட் எங்காவது நின்றுவிட வேண்டும், மறுநாள் காலை 8 மணி வாக்கில்தான் மறுபடி கிளம்பும். ஆக, தண்ணீரில் நகரும் நேரம் மொத்தம் ஐந்தரை மணி நேரத்தைத் தாண்டாது.

மாலையில் நிறுத்துவதற்குக் காரணம் மீனவர்கள். இருட்டியதும் அவர்கள் காயலில், அதாவது கடலோர நீர்ப்பரப்பில், வலை விரிப்பார்கள். போட்டின் அடியில் சுழலும் விசிறி ஒரு வலையைக் கிழித்தால் ஒரு வீட்டின் பிழைப்பு போச்சு. இருட்டில் ஓட்டுவது நமக்கும் ஆபத்து. ஆகவே, "கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தால் ராத்திரியும் ஓட்டுவார்களா?" என்று கேட்கவே வேண்டாம். சரி என்கிற போட் உங்களுக்கு வேண்டாத போட்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், மற்ற எல்லா முடிவுகளும் இந்த ஐந்தரை மணி நேரத்தைச் சுற்றித்தான். 2 மணிக்கு வந்து ஏறினால் முதல் நாள் ஓட்டத்தில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது என்று அர்த்தம். தாமதமாக வந்தவருக்காக 5.30 மணி தள்ளிப்போகாது.

2. வருகிறவர்களை எண்ணுங்கள், பெயரோடு

ஒரு காகிதத்தில் எல்லோர் பெயரையும் எழுதி, பக்கத்தில் வயது, குழந்தை என்றால் எடை, நடக்கச் சிரமமா, சைவமா அசைவமா என்று குறித்துக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட், அறை, சாப்பாடு, இரவு போட்டை எங்கே கட்டுவது என்ற நான்கும் இந்தக் காகிதத்திலிருந்துதான் முடிவாகும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, "கைக்குழந்தையையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று விடுவதும், "எர்ணாகுளத்தில் இருக்கும் சித்தப்பா குடும்பம் சும்மா பகலில் மட்டும் வந்துவிட்டுப் போகும்" என்று கடைசி நாளில் சேர்ப்பதும். படகில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை என்பது கட்டிலைப் பொறுத்தது இல்லை, அதில் நிற்கும் மொத்த எடையைப் பொறுத்தது. 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டத் தானூரில் 22 பேர் இறந்த படகு, அளவுக்கு மேல் ஆள் ஏற்றிக்கொண்டு இருட்டும் நேரத்தில் போன படகு. சித்தப்பா குடும்பம் வருவதென்றால் அவர்களையும் சேர்த்து எண்ணி, அதற்கேற்ற போட் எடுங்கள்.

3. தேதியை வானத்தையும் கூட்டத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காயல் அப்போது அழகுதான், வாடகையும் குறைவு. ஆனால் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் மாவட்ட நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடும். ரயில் டிக்கெட், விடுப்பு எல்லாம் வீண். சின்னக் குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்கள் இந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. வழக்கமாக ஆகஸ்டில் வரும் நேரு கோப்பை வள்ளப் போட்டி (படகுப் பந்தயம்) நடக்கும் நாளில் ஆலப்புழாவின் புன்னமடைப் பக்கம் போட் நகரவே இடமிருக்காது. அந்தத் தேதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர், நவம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் காலை வெளுத்துக் கிடக்கும், மதியம் மூன்றுக்கு மேல் திடீரென்று இடியும் மின்னலும் வரும். நம் ஊர் கோடை விடுமுறை இந்தக் கணக்கில்தான் விழுகிறது. போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அந்த மாதங்களில் போனால் மதியத்துக்கு மேல் அகன்ற காயல் நடுவில் இருக்காமல், ஆறும் வாய்க்காலுமாகப் போகும் பாதையைக் கேளுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானிலை நன்றாக இருக்கும். அதில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவிலுள்ள வாரம் வாடகை எகிறும், போட்கள் வரிசையாக முட்டிக்கொண்டு நிற்கும். பொங்கல் விடுமுறை தோதாகத் தெரியும், ஆனால் அப்போதுதான் சபரிமலையில் மகரவிளக்கு. கோட்டயம், செங்கன்னூர் பக்கம் ரயிலும் சாலையும் நிரம்பி வழியும். என் முதல் சிபாரிசு, ஜனவரி 20க்கு மேல் வரும் ஏதாவது வார நாள். பிள்ளைகளுக்கு ஒரு நாள் பள்ளி விடுப்பு எடுத்தாலும் தகும்.

4. எந்தப் படகு என்பதைப் பிறகு பாருங்கள், எந்த மாதிரிப் படகு என்பதை இப்போது

காயலில் ஏற நான்கு வழிகள் இருக்கின்றன.

இரவு தங்கும் போட் ஹவுஸ் என்பது அறை, சமையல், குளியலறை எல்லாம் தண்ணீரின் மேலேயே. நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதுதான் வசதி. ஒரு முறை ஏறிவிட்டால் எங்கும் ஏறி இறங்க வேண்டாம்.

பகல் போட் ஹவுஸ் முற்பகலில் ஏறி மாலை 5 மணி வாக்கில் இறங்குவது. மதியச் சாப்பாடு உண்டு. நகரும் நேரம் ஏறக்குறைய அதேதான், செலவு வெகுவாகக் குறையும். இரவில் கொசுவையும் ஏசி சத்தத்தையும் தாங்காத குழந்தை இருந்தால் இதை எடுத்துக்கொண்டு, இரவு கரையில் தங்கிக்கொள்ளலாம்.

ஷிகாரா என்பது கூரை போட்ட சின்ன மோட்டார் படகு. மணிக்கணக்கில் வாடகை. போட் ஹவுஸ் நுழைய முடியாத குறுகிய வாய்க்கால்களில் இது போகும். வீட்டு வாசலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், பள்ளி முடிந்து வள்ளத்தில் வரும் பிள்ளைகள், வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல், இதெல்லாம் தெரிவது இங்கிருந்துதான்.

நான்காவது, கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டும் சாதாரணப் பயணிகள் படகு. ஆலப்புழா படகுத் துறையிலிருந்து கோட்டயம் வரைக்கும் சுமார் இரண்டரை மணி நேரம், பஸ் கட்டணம் போலத்தான். கழிப்பறையை நம்பிப் போக முடியாது. பெரிய பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்ல தேர்வு.

முதல்முறை போகும் கூட்டுக் குடும்பத்துக்கு நான் போட்டுக் கொடுப்பது, ஒரு இரவு போட் ஹவுஸ், அதோடு மறுநாள் விடிகாலையில் ஒரு மணி நேரம் ஷிகாராவோ துடுப்பு வள்ளமோ. இரண்டு இரவு வேண்டாம். இரண்டாம் நாள் மதியம் பிள்ளைகள் "எப்போ இறங்கலாம்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

5. பாதையையும் இரவு கட்டும் இடத்தையும் கேட்டு முடிவு செய்யுங்கள்

"எங்கே கூட்டிப் போவீர்கள்?" என்றால் எல்லோரும் "வேம்பநாட்டுக் காயல்" என்பார்கள். அது மட்டும் போதாது. வேம்பநாடு நாட்டிலேயே நீளமான ஏரி, சில இடங்களில் எதிர்க்கரை ஒரு கோடாகத்தான் தெரியும். காற்று எழும்பினால் அங்கே அலை அடிக்கும். அடக்கமான தண்ணீர் என்றால் ஆறும் வாய்க்காலும்தான். புன்னமடையில் கிளம்பி, காயல் ஓரத்தைத் தொட்டுவிட்டு, கைநகரி, நெடுமுடி, சம்பக்குளம் பக்கம் பம்பை ஆற்றோடு போகும் பாதையைக் கேளுங்கள். இருபுறமும் கரை தெரியும், வீடுகள் தெரியும், தென்னை நிழல் வரும். பெரியவர்களுக்குப் பயமும் இருக்காது.

இரவு கட்டும் இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வீட்டில் இதய நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான். சாலை வந்து சேரும் கரையில் கட்டச் சொல்லுங்கள். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த வரப்பில் கட்டினால், நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் இன்னொரு படகு வர வேண்டும். ஆலப்புழாவை அடுத்த வண்டானத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கட்டும் இடத்திலிருந்து அங்கே காரில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

6. இப்போது போட்டைப் பிடியுங்கள்

போனில் பேசும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். வாயால் சொன்னதற்கு ஏறும் நாளன்று சாட்சி இல்லை.

ஏசி எத்தனை மணி முதல்? பெரும்பாலான போட்களில் இரவு 9 முதல் காலை 6 வரைதான் ஓடும், பகலில் மின்விசிறி. பகல் முழுக்க ஏசி வேண்டுமென்றால் அது வேறு விலை. கேட்காமல் வருகிறவர்கள்தான் மதியம் வேர்த்துப்போய்ச் சண்டை பிடிக்கிறார்கள்.

இன்று எடுத்த வீடியோ அனுப்ப முடியுமா? இணையத்தில் இருக்கும் படம் போட் புதிதாக இருந்தபோது எடுத்தது. கழிப்பறை, படுக்கை, முன்பக்கக் கைப்பிடிக் கம்பி மூன்றும் வீடியோவில் தெரிய வேண்டும்.

பதிவு எண் என்ன, எத்தனை பேருக்கு அனுமதி? எண் பெரும்பாலும் கே.ஐ.வி. என்று தொடங்கும், படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். இந்த எண்ணுள்ள போட்தான் எங்களுக்கு வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். வேறு போட்டை மாற்றி நிறுத்தும் பழக்கம் அங்கே உண்டு.

குழந்தைகள் அளவு லைஃப் ஜாக்கெட் எத்தனை? உங்கள் காகிதத்திலுள்ள எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

எச்சரிக்கை வந்து போட் ஓடாவிட்டால் பணம் திரும்புமா, தேதி மாற்றுவார்களா?

சாப்பாட்டையும் இப்போதே பேசிவிடுங்கள். சொல்லாவிட்டால் சிவப்பு மட்டை அரிசிச் சோறும் தேங்காய் எண்ணெய்ச் சமையலும்தான் வரும். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு இரண்டும் இறங்காது. வெள்ளை அரிசி, வேறு எண்ணெய், ரசம், இரவுக்குத் தயிர் என்று முன்கூட்டியே சொன்னால் செய்து தருவார்கள். சைவத்துக்குத் தனிப் பாத்திரம் வேண்டுமென்றாலும் சொல்லிவிடுங்கள். போட் கிளம்பிய பிறகு கேட்டால் பக்கத்தில் கடை கிடையாது.

முழுப் பணத்தையும் முன்பே அனுப்ப வேண்டாம். கொஞ்சம் முன்பணம், மீதி போட்டைப் பார்த்த பிறகு. பார்க்காமலே முழுத்தொகை கேட்கிறவரை விட்டுவிடலாம், அங்கே போட்டுக்குப் பஞ்சமில்லை.

7. போய்ச் சேரும் வழி

சென்னையிலிருந்து ஆலப்புழா எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பி மறுநாள் முற்பகலில் சேரும். ரயில் தாமதமானால் 12 மணி ஏற்றம் தவறிவிடும். பெரியவர்கள் இருந்தால் முந்தின நாளே போய் ஆலப்புழாவில் ஒரு இரவு தங்கிவிடுங்கள். குளித்து, இட்லி சாப்பிட்டு, சாவகாசமாக ஏறலாம்.

மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து காரில் வருகிறவர்கள் குமுளி, கோட்டயம் வழியாகக் குமரகம் போய் அங்கேயே போட் ஏறுவது சுருக்கம். காயலின் கிழக்குக் கரை அது. தென்காசி, திருநெல்வேலிக்காரர்களுக்குச் செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழி. இரண்டுமே மலைப்பாதை, விடிந்த பிறகு ஏறுங்கள்.

ஆலப்புழா ரயில் நிலையம் கடற்கரைப் பக்கம், போட் ஏறும் இடங்கள் ஊருக்குக் கிழக்கே. புன்னமடையா, பள்ளாத்துருத்தியா என்று ஏறும் இடத்தின் இருப்பிடத்தை போனில் வாங்கிக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்தில் இறங்கியதும் "உங்கள் போட் ரிப்பேர், வேறு தருகிறேன்" என்று யாராவது வந்தால், நீங்கள் பேசியவரை போனில் கூப்பிடாமல் ஒரு அடி நகராதீர்கள்.

பெட்டிகளைக் குறையுங்கள். ஆளுக்கு ஒரு தோள்பை போதும். அதில் கொசு விரட்டும் களிம்பு, டார்ச், மருந்து, பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டை, பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு.

8. ஏறும் முன் பத்து நிமிடம்

பெட்டி ஏற்ற விடாதீர்கள், முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள். உள்ளே பெட்டி போய்விட்டால் "சரி விடு, ஒரு நாள்தானே" என்று மனசு இறங்கிவிடும்.

எழுதி வாங்கிய எண்ணும் படகின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். தீயணைப்பான் சமையலறைப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், கூரை மூங்கிலும் ஓலைப்பாயும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பாருங்கள்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்திருப்பார்கள், வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் போட்டு, வார்களை இறுக்கி, ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். நாலு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டைப் போட்டுத் தூக்கினால், ஜாக்கெட் மட்டும் மேலே வரும், குழந்தையின் முகவாய் உள்ளே போய் கண் மட்டும் தெரியும். தண்ணீரிலும் அதேதான் நடக்கும். ஜாக்கெட் மிதக்கும், குழந்தை கீழே நழுவும். கால் இடுக்கு வழியாக வரும் வார் இருந்தால்தான் சின்னக் குழந்தைக்கு அது நிற்கும். கைக்குழந்தை அளவு அங்கே கிடைப்பது அரிது, ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள்.

படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை போடுவார்கள். படகு ஆடும்போது அந்த இடைவெளி விரியும், குறுகும். பாட்டியை ஏற்றும்போது முன்னால் ஒருவர் படகிலும், பின்னால் ஒருவர் கரையிலும் நிற்க வேண்டும். பலகையில் ஒரே சமயத்தில் ஒருவர்தான்.

கிளம்புமுன் ஓட்டுநரோடு இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். அங்கே அவரை ஸ்ராங்க் என்பார்கள், நீங்கள் சேட்டா என்று கூப்பிடலாம். "சேட்டா, மூன்று மணிக்கு மேல் ஆற்றுக்குள் இருக்கிற மாதிரி போகலாமா?" என்று கேட்டால் வானத்தைப் பார்த்து அவரே வழி சொல்வார். நம் தமிழ் அவர்களுக்கு நன்றாகவே புரியும்.

9. ஓடும்போது

பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். எட்டுப் பெரியவர்கள் இருக்கும் படகில்தான் குழந்தை தனியாக முன்தளத்துக்குப் போகும், ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பதால். அரை மணிக்கு ஒருவர், முறை வைத்து. முறையில் இருப்பவர் போன் பார்க்கக் கூடாது, மது தொடக் கூடாது.

முன்தளத்தில் இருக்கும் வரை குழந்தைகள் ஜாக்கெட்டோடுதான். புழுங்குகிறது என்று கழற்றினால் உள்ளறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

மாடி உள்ள போட் என்றால் இன்னொன்று. நீர்க்காகம், மீன்கொத்தி, எதிரே வரும் வள்ளம் என்று எதைப் பார்த்தாலும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடக் கூடாது. 2009 செப்டம்பரில் தேக்கடியில் கவிழ்ந்த இரண்டடுக்குப் படகில் 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் குவிந்ததை அப்போது காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். ஏறிய உடனே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

காயலில் குளிக்க இறங்க வேண்டாம். அடியில் சேறு, சுற்றிலும் படகு விசிறிகள். வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பரவும் தண்ணீர் இது. மூக்கு வழியாக நுழையும் அமீபாவால் மூளைக்காய்ச்சல் வந்து கேரளத்தில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். காலை நனைத்தால் போதும் என்று தொடங்குவது தலை முழுகலில்தான் முடியும்.

வழியில் மீன் கடையில் நிறுத்துவார்கள். கரிமீனும் பெரிய ஆற்று இறாலும் பிள்ளைகள் கண்ணில் பட்டபின் பேரம் பேச முடியாது. நீங்கள் ஒருவர் மட்டும் இறங்கி, கிலோ விலை கேட்டு, தராசில் நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். பிடிக்கவில்லையென்றால் வாங்காமல் வரலாம், வாடகையிலேயே சாப்பாடு இருக்கிறது.

10. கட்டிய பிறகு

சூரியன் சாயும்போது வயல் பக்கத்திலிருந்து பூச்சி கூட்டமாக வரும். அந்த ஒரு மணி நேரம் அறைக் கதவுகளை மூடி, உள்விளக்கை அணைத்து வைத்தால் இரவு நிம்மதி. கொசுவர்த்தியை ஓலைப்பாய் ஓரம் வைக்காதீர்கள். பிறந்தநாள் என்று மத்தாப்பும் வேண்டாம்.

கட்டிய கரை வழுக்கும். கீழே இறங்கி நடக்க ஆசைப்படுகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே போய் வந்துவிடுங்கள். வரப்பைத் தாண்டினால் யாரோ ஒருவர் வீட்டு முற்றம், கேட்டுக்கொண்டு போங்கள்.

படுக்கும் முன் முன்தளத்துக்குப் போகும் கதவை உள்பக்கம் பூட்டி, சாவி யாரிடம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். தூக்கத்தில் எழுந்து கழிப்பறை தேடும் குழந்தைக்கு எந்தக் கதவு எங்கே போகும் என்று தெரியாது. ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

11. விடிகாலையும் இறங்குவதும்

போட் 8 மணி வரை நகராது, ஆனால் 6.30 மணிக்கு ஷிகாராவோ வள்ளமோ நீங்கள் கட்டியிருக்கும் இடத்துக்கே வரும். முந்தின மாலையே ஸ்ராங்கிடம் சொல்லி, விலை பேசிவிட வேண்டும். பெரியவர்கள் போட்டிலேயே காபி குடித்துக்கொண்டு இருக்கலாம். ஆகாயத்தாமரை அடர்ந்திருந்தால் மோட்டார் விசிறி சிக்கும், அப்போது துடுப்பு வள்ளமே மேல். குழந்தைகளின் ஜாக்கெட்டைப் போட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள், வள்ளத்தில் இருக்காது.

திரும்பி வந்து, புட்டோ இடியாப்பமோ சாப்பிட்டு, கரை வருவதற்குள் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். கூடுதலாக வாங்கிய மீன், வள்ளம், தண்ணீர் பாட்டில் எல்லாம் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சமையல்காரர், ஸ்ராங்க், உதவியாள் மூவருக்கும் கொடுக்க நினைப்பதை அவரவர் கையில் கொடுங்கள். சார்ஜர்களையும் குளியலறைக் கொடியில் காயும் துணிகளையும் எடுத்துக்கொண்ட பிறகு, ஏறியதற்கு நேர்மாறான வரிசையில் இறங்குங்கள்: முதலில் பெட்டி, பிறகு குழந்தைகளைப் பிடிக்க ஒருவர், பிறகு குழந்தைகள், கடைசியில் இருபக்கமும் ஆள் நிற்கப் பாட்டி.